எடை தூக்கும் திறன் கூடுகிறது, கை மட்டும் ஏன் பருக்கவில்லை?

கேள்வி: ஐந்து வாரங்களாக எடைப் பயிற்சி செய்கிறேன். தொடக்கத்தில் திணறிய எடையை இப்போது எளிதாகத் தூக்குகிறேன். ஆனால் புயத்தின் சுற்றளவு அப்படியே இருக்கிறது. முதல் வாரம் இருந்த வலியும் போய்விட்டது. பயிற்சியில் ஏதாவது தவறா? 65 வயதாகும் என் அப்பாவும் தொடங்கலாமா?

பதில்: தவறு ஒன்றும் இல்லை. இந்த ஐந்து வாரத்தில் உங்களுக்குக் கூடியிருப்பது பெரும்பாலும் நரம்பின் பலம். தசையின் பருமன் மெதுவாகத்தான் பின்னால் வரும். உடலியங்கியல் பாடம் நடத்துகிறவன் நான். மாணவர்களுக்கும் இது எளிதில் நம்பிக்கை தருவதில்லை. எனவே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

கையை மடக்க நினைத்ததும் மூளையின் கட்டளை தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்களுக்கு வருகிறது. அவற்றின் நுனியில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரக்க, தசை இழை நெடுகிலும் மின்தூண்டல் ஓடுகிறது. உடனே உள்ளறைகளில் சேமித்து வைத்திருந்த கால்சியம் வெளியே பாய்கிறது. தசை இழைக்குள் ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரதங்களாலான நுண்ணிழைகள் ஒன்றன் இடையே ஒன்று செருகி நிற்கின்றன. ஆக்டின் மீது மயோசின் பற்றவேண்டிய இடத்தை வேறொரு புரதம் மறைத்திருக்கும். கால்சியம் வந்ததும் அது நகர்ந்து வழிவிடுகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, சற்றுத் தள்ளி மீண்டும் பற்றுகின்றன. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. கயிறிழுக்கும் போட்டியில் சிலர் பிடியை மாற்றும்போது மற்றவர்கள் கயிற்றை நழுவ விடாமல் வைத்திருப்பார்களே, அந்த ஏற்பாடுதான்.

இதில் எந்த நுண்ணிழையும் நீளம் குறைவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது. 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம் இதை ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் அல்லர். தேர்வுத்தாளில் பலர் அண்ணன் தம்பி ஆக்கிவிடுவார்கள்.) இன்னொரு விந்தை: பற்றிய பிடியை விடுவிக்கவும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்த உடல் விறைத்துப்போவது, அது தீர்ந்து பிடிகள் விடுபட முடியாமல் நின்றுவிடுவதால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நரம்பணு தனக்குக் கீழே ஒரு கொத்துத் தசை இழைகளை வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் அந்தக் கொத்து மிகச் சிறியது. தொடை, கெண்டைக்கால் போன்றவற்றில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல். மூளை முதலில் சிறிய கொத்துகளை அழைக்கும். சுமை ஏற ஏறப் பெரியவற்றை அழைக்கும். பழக்கமில்லாதவரால் அந்தப் பெரிய கொத்துகளை முழுமூச்சாக வேலை வாங்க முடிவதில்லை. போதாக்குறைக்கு எதிர்ப்புறத் தசையும் இறுகி நின்று இழுவையைக் கெடுக்கிறது. பயிற்சியின் முதல் வாரங்களில் சீராவது இதுதான்: தூண்டல்கள் இன்னும் அடுத்தடுத்துப் போகின்றன, எதிர்த்தசை அடங்குகிறது, இருக்கிற தசையே கூடுதலாக உழைக்கிறது.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சும்மா இருந்த மறுகைக்கும் பலம் கூடியிருந்தது. உழைக்காத கையில் தசை வளர்ந்திருக்க வழியில்லை. கூடியது நரம்பு மண்டலத்தில்தான்.

தசை பருப்பது வேறு கணக்கு. சுமையின் இழுவிசையை உணரும் தசை இழை, புதிய ஆக்டினையும் மயோசினையும் கட்டத் தொடங்குகிறது. கடும் பயிற்சிக்குப் பின் ஒன்றிரண்டு நாட்களுக்கு இந்தக் கட்டுமானம் வேகமாக நடக்கும். ஆனால் பழைய புரதம் கழிவதும் கூடவே நடப்பதால், ஒரு நாளில் மிஞ்சுவது துளி. இழைகளின் எண்ணிக்கையும் ஏறக்குறைய மாறுவதில்லை. ஒவ்வொன்றும் தடிக்க வேண்டும். அந்தத் துளிகள் சேர்ந்து அளவுநாடாவில் தெரிய மாதங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே புயம் பெருத்துவிட்டதாகக் காட்டும் படங்களை நம்பாதீர்கள்; அதில் பாதி நீர்க்கோப்பு, மீதி விளக்கொளி. ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கோ மாற்றம் வெளியே தெரியவே தெரியாது: இழைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவும் நுண் இரத்தக் குழாய்களும் பெருகும், சுற்றளவு அசையாது.

வலி குறைந்ததற்காகவும் கவலைப்படாதீர்கள். மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் அல்ல; அது பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது, அதாவது எடையைக் கீழே இறக்கும்போதோ இறக்கத்தில் நடக்கும்போதோ ஏற்படும் நுண்சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் பெரும்பாலும் அந்த வலி. ஒருமுறை பட்ட தசை அடுத்த முறை அவ்வளவு சேதப்படாது. வலித்தால்தான் பலன் என்று எடையை முரட்டுத்தனமாக ஏற்றினால் மூட்டுதான் கெடும்.

அப்பா தாராளமாகத் தொடங்கலாம். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும். 1990இல் வெளியான ஆய்வொன்றில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய நலிந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். காலின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்போ 9 சதவீதம்தான். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. ஆகவே அவருக்கு எடை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.