தையல் பிரித்தாயிற்று, விரல் மட்டும் மடங்கவில்லை

கேள்வி: என் கணவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். 12 நாள்களுக்கு முன் மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் கண்ணாடி வெட்டிவிட்டது. தையல் போட்டார்கள். புண் ஆறிவிட்டது, விரல் மடங்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எண்ணெய் போட்டு நீவலாமா? பக்கத்து வீட்டுக்காரருக்குக் கட்டுப் போட்டே சரியானதாம்.

பதில்: நீவக் கூடாது அம்மா, காத்திருக்கவும் கூடாது. விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து சைக்கிள் பிரேக் கம்பிபோல் ஒரு தசைநாண் உறைக்குள் ஓடி விரலை இழுக்கிறது. அறுந்தால் முன்கைப் பக்கத்து முனை உள்ளங்கைக்குள் ஓடிவிடும். எந்த எண்ணெயும் அதைத் திரும்பக் கொண்டுவராது. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. விரலைப் பிடித்து நுனியை மடக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைக்கூடச் செய்யாமல் தோலை மட்டும் தைத்து அனுப்புகிறார்களே, மனம் ஆறவில்லை எனக்கு.

இரண்டு மூன்று வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் முனைகளை நேரடியாகத் தைக்கலாம். நாள் கடந்தால் உறை சுருங்கும்; பிறகு மாதக்கணக்கான இடைவெளியில் இரண்டு அறுவை சிகிச்சைகள் தேவைப்படலாம். நாளையே கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. வாசலில் நின்று "நல்ல இடம் காட்டுகிறேன்" என்பவரின் பின்னால் போகாதீர்கள்; அவருக்குக் கமிஷன், உங்களுக்குக் கடன்.

இன்னொன்று. "வீட்டில் வெட்டிக்கொண்டதாகச் சொல்லிவிடு" என்று முதலாளி கெஞ்சுவார். கேட்காதீர்கள். வேலையிடத்தில் நேர்ந்தது என்றே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால், வேலைக்குப் போகாத நாள்களுக்கு வேலை விபத்துக்கான உதவித்தொகை கேட்க அந்த ஒரு வரி முக்கியம்.

பக்கத்து வீட்டுக்காரரின் காயம் வேறாக இருக்கும். பந்து பட்டோ மெத்தை விரிப்பைச் செருகும்போதோ விரல் நுனி தொங்கிப்போனால், அது புறங்கைப் பக்கத் தசைநாண். நுனியை நேராக வைத்து 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் விரல் அசையாதபடி பட்டை (ஸ்பிளிண்ட்) கட்டினால் பெரும்பாலும் கூடிவிடும். குளிக்கும்போதுகூட நுனி மடங்கக் கூடாது. ஒருமுறை மடங்கினாலும் கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் கணவருக்கு இது பொருந்தாது.

அவருக்குத் தசைநாணைத் தைத்தபின் பட்டையோடே, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு மட்டும், முதல் வாரத்திலிருந்தே விரலை அசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். மூன்று மாதம் கண்ணாடி தூக்கக் கூடாது.