வாங்குவோர் கேள்வி-பதில்: லாரி இன்ஜினை நாமே பிரித்துப் பூட்டிய பிறகு

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ரகம். லாரி இன்ஜினில் சொந்தமாக வேலை பார்த்திருக்கிறார்கள். பூட்டி முடித்ததும் புதிதாக ஒரு கோளாறு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். அதிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகிச் சில நொடியில் நின்றுவிடுகிறது. எங்கும் கசிவு இல்லை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் புதிதாக வாங்கி மாட்டியும் பலனில்லை. அடுத்து மெயின் பம்ப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஃபில்டரைத் தொடும்வரை ஓடிய வண்டி, தொட்ட பிறகு நிற்கிறது. அப்படியானால் முதலில் நீங்கள் கை வைத்த இடத்தைத்தானே பார்க்க வேண்டும்? லைனில் காற்று புகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் ஃபில்டர் மாட்டும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அதன்மேல் புது வளையம் உட்கார்ந்தால் சரியாகப் பிடிக்காது. கழற்றி, விரலால் தடவிப் பாருங்கள்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே சின்ன ஓட்டை இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே வெளியே கசிவு இல்லை என்பதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும்படியான ஹோஸ் ஒரு துண்டு மாட்டிப் பார்த்தால் குமிழி ஓடுவது தெரியும். வளையத்தையும் இணைப்புகளையும் சரிசெய்துவிட்டு, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வரத் தொடங்கியதும் ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரின் பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கான வழி. காமன் ரயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) அதைச் செய்யவே கூடாது. அந்த லைனில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: வண்டி இழுக்கவில்லை என்று ஒரு சென்சார் வாங்கி மாட்டினேன். சரியாகவில்லை. கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: மாட்டிப் பார்த்த எலக்ட்ரிக்கல் பொருளைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் ஹெட் கேஸ்கெட் புதிதாகப் போட்டேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. இப்போது ரேடியேட்டரில் குமிழி வருகிறது, தண்ணீர் குறைகிறது. போல்ட்டெல்லாம் நல்ல நிலையில் இருந்ததால் பழையதையே போட்டேன். மட்டமான கேஸ்கெட்டை விற்ற கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கேஸ்கெட் மட்டம் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. பழைய போல்ட் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டை ஒரு அளவு வரை இறுக்கி, அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று திருப்பச் சொல்லியிருப்பார்கள். அந்தத் திருப்பலில் போல்ட் நீள்கிறது. அந்த இழுவிசைதான் ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. ஒரு முறை நீண்ட போல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதே பிடி கிடைக்காது. சில தயாரிப்பாளர்கள் நீளத்தை அளந்து பார்த்து, வரம்புக்குள் இருந்தால் திரும்பப் போட அனுமதிக்கிறார்கள். நீங்கள் அளந்தீர்களா? கடிதத்தில் இல்லை. ஹெட்டின் பரப்பு வளையாமல் சமமாக இருக்கிறதா என்று நேர்க்கோலும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தீர்களா? அதுவும் இல்லை. கேஸ்கெட்டின் தடிமன்? டீசல் இன்ஜின் பலவற்றில் பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று தடிமனில் கேஸ்கெட் உண்டு. ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளைதான் அடையாளம்.

மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். இந்த முறை புது போல்ட் வாங்குங்கள். போல்ட் குழிகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி வெளியேற்றுங்கள். தேங்கிய குழியில் போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும். எடுத்த கேஸ்கெட்டை எறியாதீர்கள். எந்தச் சிலிண்டர் பக்கம் தீய்ந்திருக்கிறது என்று அது காட்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் கேஸ்கெட் போனால், அப்போது கடைக்காரரிடம் பேசலாம்.

கேள்வி: ஆறு இன்ஜெக்டர் புதிது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாட்டியதும் ஒரு சிலிண்டர் தட்டுகிறது, வெள்ளைப் புகை. கழற்றிப் பார்த்தால் பெயின்ட்டுக்கு அடியில் வைஸ் கிடுக்கியில் பிடித்த பழைய தழும்பு. 'நீங்கள் மாட்டியது தப்பு' என்கிறார் விற்றவர்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். புது இன்ஜெக்டரில் பெயின்ட்டுக்கு அடியில் வைஸ் தழும்பு இருக்க வழியே இல்லை. பழையதைச் சரிசெய்து (ரீகண்டிஷன்) விற்பது தவறல்ல, அதைப் புதிது என்று சொல்லி விற்பது மோசடி. எனக்கும் ஒரு டர்போ இப்படி வந்தது. வெளியே பளபள, உள்ளே விசிறியின் இதழ் ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும்.

இன்ஜெக்டர்களைத் துடைக்காதீர்கள். தழும்பையும் எண்களையும் வெளிச்சத்தில் படமெடுங்கள். விற்றவரோடு தொடர்பில்லாத பம்ப் பட்டறையில் ஆறையும் டெஸ்ட் பெஞ்சில் போட்டு, திறக்கும் அழுத்தம், தூவும் விதம், திரும்பி வரும் டீசல் அளவு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். நன்றாக ஓடும் ஐந்தையும் சேர்த்தே சோதியுங்கள். காப்பர் வாஷர் புதிதாகப் போட்டதையும், காமன் ரயில் என்றால் இன்ஜெக்டரின் குறியீட்டை (கோட்) வண்டியின் கணினியில் ஏற்றியதையும் குறித்துவையுங்கள். விற்றவர் முதலில் அங்கேதான் மடக்குவார். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு இன்ஜெக்டரைக்கூட அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓவர்ஹால் முடிந்தது, உள்ளே எல்லாம் புதிது. விலை குறைந்த ஆயில் ஃபில்டரே போதும்தானே?

பதில்: இந்தக் கேள்வி எனக்குப் பலமுறை வருகிறது, ஒவ்வொரு முறையும் கோபமும் வருகிறது. எல்லாம் புதிது என்பதால்தான் நல்ல ஃபில்டர் வேண்டும். புது ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது உலோகத் தூள் கிளம்பும். வேலை பார்த்தபோது தங்கிய மணலும் பிசிறும் ஆயிலில் சேரும். அவ்வளவையும் பிடிக்க வேண்டியது முதல் ஃபில்டர்.

அசல் என்று பெட்டியில் அச்சிட்ட ஒரு ஃபில்டரை வாங்கி, சந்தேகம் வந்து அறுத்துப் பார்த்தேன். காகித மடிப்புகள் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரல் நுழையும் அளவு விலகியிருந்தன. முனைத் தகட்டில் பாதிச் சுற்றுக்குப் பசையே இல்லை. நகத்தால் நெம்பியதும் காகிதம் கழன்று வந்தது. ஃபில்டர் அடைத்தால் ஆயிலை வேறு வழியில் விடும் பைபாஸ் வால்வின் ஸ்பிரிங் தொட்டதுமே அமுங்கியது. அத்தனை லேசான ஸ்பிரிங் என்றால் வால்வு தேவையில்லாதபோதும் திறந்துகொள்ளும், ஆயில் வடிகட்டாமலே பேரிங்குக்குப் போகும். பல ஃபில்டர்களில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வும் இருக்கும். அது மட்டமாக இருந்தால் இரவில் ஆயில் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டர்போ கொஞ்ச நேரம் ஆயில் இல்லாமல் சுற்றும். ஒரு ஃபில்டரில் மிச்சம் பிடித்து, கிராங்கைக் கடைசலுக்குக் கொடுப்பதா?

இன்ஜின் எண்ணை வைத்துப் பார்ட் நம்பர் எடுங்கள். பெட்டியிலும் ஃபில்டரின் மேலும் அதே எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். முதல் ஆயில் மாற்றத்தைச் சீக்கிரமே செய்து, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்பை விரியுங்கள். மெல்லிய தூள் இருந்தால் பயமில்லை. செதில் இருந்தால் காந்தம் வையுங்கள், இரும்பு ஒட்டும். ஒட்டாமல் மினுங்கினால் பேரிங் தேய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கசிவு தடுக்கும் சீலன்ட் பசையைத் தாராளமாகப் போட்டு மூடினேன். இப்போது ஆயில் லைட் அணையவில்லை. ஒரு லோடு இறக்கிவிட்டு வந்து பார்க்கலாமா?

பதில்: இன்ஜினை உடனே நிறுத்துங்கள், லோடு நிற்கட்டும். ஆயில் அளவு சரியா என்று பாருங்கள். பிறகு அந்த லைட்டுக்கான ஆயில் அழுத்த சுவிட்ச் இருக்கும் இடத்தில் தனி கேஜ் மாட்டி, அழுத்தத்தை அளக்கும் அளவுக்கு மட்டும் ஓடவிடுங்கள். அழுத்தம் இருந்தால் சுவிட்சோ வயரோ கோளாறு. இல்லையென்றால் சம்ப்பை இறக்குங்கள். தாராளமாகப் போட்ட சீலன்ட் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்திருக்கும் என்பதே என் சந்தேகம். வலை சுத்தமாக இருந்தால் பம்பையும் பேரிங் இடைவெளியையும் அளக்க வேண்டும். அதற்கு அளவுக் கருவி உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.