ஓடிபி சொல்லிவிட்டீர்கள், ஏசியையாவது விட்டுவிடாதீர்கள்

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். 2025 மார்ச்சில் 42,000 ரூபாய்க்கு வாங்கிய ஏசி, மே மாதமே குளிரவில்லை. டெக்னீஷியன் நான்கு முறை வந்து, மூன்று முறை கேஸ் நிரப்பினார். கிளம்பும்போதெல்லாம் ஓடிபி கேட்டு வாங்கிக்கொண்டார், மரியாதையின்றியும் பேசினார். கஸ்டமர் கேரில் மணிக்கணக்கில் காத்திருந்தேன். வயதான அப்பா வெயிலில் தவித்துப்போனார். இப்போது ஏசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு 30,000 ரூபாய் தருவதாக நிறுவனத்தார் சொல்கிறார்கள். ஏசியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, 5 லட்சம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: அப்பா பட்ட அவதி மனதை வருத்துகிறது. ஆயினும் டெக்னீஷியன் பேசிய விதமும் நீங்கள் காத்திருந்த நேரமும் வழக்கை நிலைநாட்டப் போதாதவை. நான் நின்று மறுபடி படித்தது அந்த ஓடிபி வரியைத்தான். அந்த எண்ணைச் சொன்னவுடன், உங்கள் ஒப்புதலோடு பழுது நீங்கியதாக நிறுவனத்தின் பதிவில் புகார் முடிக்கப்படுகிறது. நாளை அவர்கள் தாக்கல் செய்யும் பதிலுரையில், நான்கு புகார்களும் வெவ்வேறானவை, நான்கும் சரிசெய்யப்பட்டவை என்று அந்தப் பதிவையே காட்டுவார்கள்.

இதற்கு உங்களிடம் உள்ள மறுமொழி கேஸ் நிரப்பியதைக் காட்டும் மூன்று சர்வீஸ் ரிப்போர்ட்டுகள். ஏசியில் இருக்கும் கேஸ் ஓடஓடத் தீர்ந்துபோவதன்று. மூடிய குழாயில் சுற்றிவருவது. ஆகவே சில மாதங்களுக்குள் மூன்று முறை நிரப்ப நேர்ந்தது என்றால், கசிவு ஒருமுறைகூட அடைக்கப்படவில்லை என்று வாதிடலாம். குளிர்ச்சி திரும்பாத நிலையிலேயே ஓடிபி பெறப்பட்டது என்பதைத் தேதிகளோடு எழுதி, இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் எண்ணத்தை மட்டும் இந்த நிமிடமே கைவிடுங்கள். வழக்குத் தொடர விரும்பிய பெரம்பூர்க்காரர் ஒருவர், பழுதான வாஷிங் மெஷினைத் துணி துவைக்க வேறு வழியில்லாமல் கடையில் கொடுத்துப் புதியது வாங்கிய பிறகே என்னிடம் வந்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 38, குறைபாட்டை ஆய்வகப் பரிசோதனையால் நிறுவ வழி தருகிறது; பரிசோதிக்கப் பொருளே இல்லாததால், உண்மையான குறையோடு வந்த அவர் வெறுங்கையோடு திரும்பினார். வெளி மெக்கானிக்கை அழைத்துத் திறந்து பார்ப்பதும் ஏறக்குறைய அதே கேடுதான், ஏனெனில் பழுது அவரால் வந்தது என்று எதிர்த்தரப்பு சொல்ல அது இடம் கொடுத்துவிடும்.

வழக்குத் தொடர இரண்டாண்டுக் காலவரம்பு உண்டு என்பதை அறிந்திருப்பீர்கள்; கஸ்டமர் கேருக்குப் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் அது நீளாது.

என் கருத்தைக் கேட்டால், 30,000 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். இத்தகைய வழக்குகளில் மன உளைச்சலுக்குக் கிடைக்கக் கண்டது ஆயிரங்களில்தான், லட்சங்களில் அன்று. பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீள்கிறது. அதுவரை ஓடாத ஏசியைச் சுவரில் வைத்துக் காக்க வேண்டும், அப்பாவுக்கோ அடுத்த கோடைக்குள் குளிர்ச்சி வேண்டும். தொகையையும் தேதியையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே ஏசியைக் கழற்ற அனுமதியுங்கள். அதற்கு முன் ஓடிபி கேட்டால், சொல்ல வேண்டாம்.