வெளிநாட்டில் இருந்துகொண்டு கோவையில் உள்ள வாடகை வீடுகளைக் கவனிக்க, முகமே பார்க்காத ஓர் ஆன்லைன் உதவியாளரை நம்பலாமா?

அந்த முகம் பார்க்காத ஆள் நான்தானுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டில் இருந்தபடியே இந்த வேலையைத்தான் செய்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், சரவணம்பட்டிப் பக்கம் இரண்டு மூன்று பிளாட் இருக்கும். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது. சாவி சித்தப்பா பையனிடம் இருக்கும், அவருக்கோ ஆயிரம் சோலி. இங்கே மோட்டார் ஓடாவிட்டால் அங்கே உங்களுக்கு நடுராத்திரியில் போன் அடிக்கும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலைமையில்தான் வருகிறார்கள். உங்கள் கதை வேறாக இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம்பலாம். ஆனால் ஆளைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டைப் பற்றி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எனக்கு இது புரிந்தது டெக்சாஸ் புண்ணியத்தில்.

முன்பு கோவையில் ஓர் அலுவலகத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் அடுக்குமாடிகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு இங்கிருந்து போன் எடுக்கும் வேலை. அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்கு வெயில் காலத்தில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. கொரோனா வந்ததும் லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பெரிய பனிப்புயல். டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி வரை போனது, கரண்ட் இல்லை, குழாய்க்குள் தண்ணீர் உறைந்து பைப்புகள் வெடிக்கின்றன. நானோ ஐஸைக் கரும்புச்சாறு கடையில் பார்த்ததோடு சரி.

ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிடுகிறார், கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, பக்கத்தில் குழந்தை வேறு. அவருடைய வீட்டு எண்ணைத் தட்டினேன். மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று போட்டோவோடு திரையில் வந்தது. "ஹீட்டர் வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போங்கள், இடது பக்கம் சுவரோரமாகச் சிவப்புக் கைப்பிடி இருக்கும், அதைக் குறுக்கே திருப்புங்கள்" என்றேன். தண்ணீர் நின்றது. அன்றிரவு முழுக்க இதே பேச்சுத்தான். எங்கள் வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்த ஊர்ல அம்மிணி பைப் உடைஞ்சுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் சரவணம்பட்டி பிளாட்டில் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். மின் இணைப்பு எண் என்ன, இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறதா, சொத்து வரி எந்த அரையாண்டு வரை கட்டியிருக்கிறது, அக்ரிமெண்ட் எப்போது முடிகிறது? இதெல்லாம் உங்கள் அப்பாவின் டைரியிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடந்தால் எவ்வளவு கெட்டிக்காரரை வேலைக்கு வைத்தாலும் அவர் உங்களுக்குத்தான் போன் செய்வார். அப்புறம் "ஆள் சரியில்லை" என்று எழுதுவீர்கள். (பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.)

நான் ஒரு புதிய வீட்டை எடுத்தால் முதலில் இதைத்தான் சேர்ப்பேன். வீட்டில் இருப்பவரையோ வாட்ச்மேன் அண்ணனையோ வீடியோ காலில் வரச் சொல்லி மீட்டர், மோட்டார் சுவிட்ச், தொட்டி, வால்வு எல்லாவற்றையும் காட்டச் சொல்வேன். அதன்பிறகு "தண்ணி வரலைங்க" என்று போன் வந்தால், எல்லாக் குழாயிலுமா ஒரு பாத்ரூமில் மட்டுமா, போர்வெல் தண்ணியா குழாயில் வரும் பில்லூர் டேம் தண்ணியா, பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்டாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். டேங்க் கழுவ வந்தவர் வால்வைத் திறக்காமல் போயிருப்பார். அதற்குப் பிளம்பரை அனுப்பினால் விசிட்டிங் சார்ஜ் தண்டம்.

திருப்பூரில் லைன் வீடுகள் வைத்திருக்கும் ஒருவருக்கும் பார்க்கிறேன். அங்கே வேறு கணக்கு. ஐந்தாம் தேதி வாடகை என்று அக்ரிமெண்டில் எழுதலாம், ஆனால் பனியன் கம்பெனிகளில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு காலையில் கூப்பிட்டால் ஜிபேயில் வந்துவிடும், புதன்கிழமை கூப்பிட்டால் பேச்சுத்தான் வரும். குடியிருப்பவர்களில் பீகார், ஒடிசாக்காரர்கள் நிறைய, கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்திருக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை வீடுகள் பூட்டித்தான் இருக்கும், அதற்காகப் பதற வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டால் இதையெல்லாம் சொல்லாதுங்க.

இனி வயிற்றெரிச்சல் ஒன்று. டெக்சாஸ் வேலையில் முதல் வாரமே பாடமாக எடுத்தார்கள்: வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடம் இனம், மதம், எந்த நாட்டுக்காரர், குழந்தை உண்டா என்றெல்லாம் பார்த்து ஆளைத் தள்ளக்கூடாது. 1968-இலேயே அங்கே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. குழந்தை இருப்பதைக் காரணம் காட்டக்கூடாது என்பதை 1988-இல் சேர்த்தார்கள். இங்கே நம் ஊர் ஓனர்கள் என்னிடம் முதலில் கொடுக்கும் வேலையே, "நாசூக்கா எந்த ஆளுங்கன்னு விசாரிச்சுடு கண்ணு" என்பதுதான். பத்து வருடமாக அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் சொன்னார் இதை. அங்கே இவரே வாடகை வீட்டில் இருக்கிறார், இவரிடம் யாராவது கேட்டால் கோர்ட்டுக்குப் போவார். நான் கேட்க மாட்டேன் என்றேன், அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். "ஓனர் வீடு, ஓனர் இஷ்டம்" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். வேலை எங்கே, சம்பளம் எவ்வளவு, முன்பு இருந்த வீட்டு ஓனர் நம்பர், எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்று கேட்டுத் தருகிறேன். அதற்குமேல் வேண்டுமென்றால் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பேங்க் பாஸ்வேர்டு, ஓடிபி, பவர் பத்திரம் இந்த மூன்றையும் எந்த உதவியாளரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும். வாடகை நேராக உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்காக இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும், வந்ததா இல்லையா என்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். நீங்கள் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்பதால், சட்டப்படி குடித்தனக்காரர் வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. ஆடிட்டரிடம் பேசிவிட்டு அட்வான்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அக்ரிமெண்டையும் "பதினொரு மாதம்தானே" என்று டிராயரில் போடாதீர்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். காகிதங்களைத் தயார் செய்வது எங்கள் வேலை, கையெழுத்து உங்களுடையது.

சம்பளம் பேசும்போது "கிராமத்துல வீட்லதானே இருக்கீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆள் பிடித்துக் கொடுத்ததற்குப் புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பவர்கள்தான் எங்களிடம் கணக்குப் பார்க்கிறார்கள். (புரோக்கர் அண்ணன்மார்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் அலைச்சலும் தெரியும்.) மாதா மாதம் ஒழுங்காகப் பணம் வந்தும் சம்பள ஸ்லிப் இல்லை என்று ஒரு வங்கியில் எனக்கு வீட்டுக் கடன் கொடுக்கவில்லை. இத்தனை வீட்டுக் கணக்கு என் கையில் இருக்கிறது, என் பெயரில் ஒரு ஓட்டு வீடு இல்லை. அது வேறு கதை, விடுங்கள்.

கோவையில் ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் நம்பரும், உங்களைக் கேட்காமல் இரண்டாயிரம் ரூபாய் வரை செலவு செய்யும் அனுமதியும் உதவியாளருக்குக் கட்டாயம் கொடுங்கள். பில் போட்டோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முதலில் ஒரே ஒரு வீட்டைக் கொடுத்து மூன்று மாதம் பாருங்கள். அதையும் காலி வீடாகக் கொடுக்காமல் ஆள் குடியிருக்கும் வீடாகக் கொடுங்கள். காலி வீட்டில் உதவியாளர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆள் இருக்கும் வீடு என்றால், சரியாகக் கவனிக்காவிட்டால் குடித்தனக்காரர் நேராக உங்களுக்கே போன் போட்டுவிடுவார்.