வாசகர் கேள்வி – பதில்: சிவனொளிபாத மலைக்குக் குடும்பமாக

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் எங்கள் குடும்பமும் கணவரின் நண்பர்களின் குடும்பங்களுமாகப் பதினொரு பேர் சிவனொளிபாத மலை ஏற இருக்கிறோம். எட்டு வயது மகனும் வருகிறான். நீரிழிவுக்குக் குளிசை எடுக்கும் 64 வயதான என் மாமியார், "நானும் வருவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கூட்டிப் போகலாமா?
– வாசகி, வவுனியா

பதில்: அவரைவிட மூத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த மலையை ஏறி இறங்குகிறார்கள், ஆகவே வயதை மட்டும் காரணம் காட்டி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வவுனியாவின் சமதரையில் நடந்து பழகிய கால்களுக்கு இது முற்றிலும் வேறு வேலை. மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சிக்குச் செல்வதுதான் மிகக் குறுகிய பாதை என்றாலும், அதில் ஏறத்தாழ 5,500 படிகள் இருக்கின்றன. 2,243 மீற்றர் உயரமான அந்த மலையில் நீங்கள் காலால் ஏறவேண்டிய உயரம் சுமார் ஆயிரம் மீற்றர், அதாவது முந்நூறு மாடிக்கு மேற்பட்ட ஒரு கட்டடத்தைப் படிகளாலேயே ஏறுவதற்குச் சமம். படிகளும் ஒரே அளவானவை அல்ல. ஒன்று கணுக்கால் உயரம் என்றால் அடுத்தது முழங்காலைத் தொடும். கைபிடிக் கம்பிகள் உள்ள கடைசிப் பகுதிதான் மிகச் செங்குத்தானது, அங்கே போய்ச் சேரும்போது கால்கள் ஏற்கெனவே களைத்திருக்கும்.

முதலில் அவரை வைத்தியரிடம் காட்டி, படியேறும்போது நெஞ்சு இறுகுகிறதா, வழமைக்கு மாறாக மூச்சு வாங்குகிறதா என்பதை மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள். நீரிழிவுக்கான சில குளிசைகளை எடுத்தவர் பல மணி நேரம் ஏறினால் இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தாகக் குறையக்கூடும் என்பதால், அன்றைய அளவை வைத்தியரே தீர்மானிக்கட்டும். கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால், சீனி போட்ட தேத்தண்ணியை அந்த இடத்திலேயே குடிக்கக் கொடுக்கவேண்டும். பருவகாலத்தில் வழி நெடுகத் தேநீர்க் கடைகள் இருப்பது இந்த மலையின் பெரிய வசதி.

எல்லோரும் அதிகாலை இரண்டு மணிக்கு ஒன்றாகப் புறப்பட்டுச் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்பது என்ற வழமையான திட்டம் உங்கள் குழுவுக்குப் பொருந்தாது. மாமியாரும் மகனும் இரண்டு பெரியவர்களுடன் இரவு ஒன்பது மணிக்கே கிளம்பி, கடைக்குக் கடை இருந்து இளைப்பாறி ஏறட்டும். இளையவர்கள் பின்னால் வந்து பிடித்துக்கொள்வார்கள். அவர் "போதும்" என்று சொல்லும் இடத்தில் யார் அவருடன் தங்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், ஏனென்றால் அதிகாலை நான்கு மணிக்குப் படியில் நின்று அதைப் பேசினால் நல்ல மனிதர்களும் சண்டை பிடிப்பார்கள். போயா (பௌர்ணமி) தினங்களையும் அவற்றை ஒட்டிய வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நெரிசலில் ஒரு படியில் ஏறிவிட்டு அடுத்த படிக்காகக் காத்து நிற்கவேண்டி வரும்.

கேள்வி: பாதி வழியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. உயரத்தில் ஒட்சிசன் குறைவதால்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: மலை நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தொல்லை தரும்; சிவனொளிபாதத்தின் உச்சியே அதற்குக் கீழே இருக்கிறது. உங்களுக்கு மூச்சு முட்டியதற்கு, தொடக்கத்தில் நண்பர்களோடு போட்டி போட்டு ஏறியதே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். நின்று ஓய்வெடுத்த பிறகும் மூச்சு அடங்கவில்லை என்றால் அது வைத்தியருக்குரிய கேள்வி.

கேள்வி: பாடசாலை விடுமுறையை விட்டுவிட்டு, கூட்டம் குறைந்த ஜூனில் நண்பர்களோடு போனால் என்ன?
– வாசகர், கொழும்பு

பதில்: யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்குடன் முடிகிறது. அதன்பின் பாதை விளக்குகள் எரியா, பெரும்பாலான கடைகள் இரா. தென்மேற்குப் பருவமழையும் அட்டையும் மட்டும் தவறாமல் வரும். சிறுவர்கள் இல்லாத, மலையேறிப் பழகிய குழு என்றால் பகலில் போகலாம். குடும்பத்தோடு என்றால் ஏப்ரலில் போவதே நல்லது.

கேள்வி: ஏறியதைவிட இறங்கியபோதுதான் எனக்குக் கால் வலித்தது. இது ஏன்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றன, தசை நார்களைக் கூடுதலாகக் காயப்படுத்துவது இந்த வகை வேலைதான். அந்த வலி ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணியும். போவதற்கு மூன்று நான்கு கிழமைகள் முன்பிருந்தே மாடிப்படிகளில் இறங்கிப் பழகுங்கள், கையில் ஒரு தடி வைத்திருங்கள், கால்நகங்களை ஒட்ட வெட்டி, இறங்கும் முன் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். நான் முதல் தடவை புதுச் சப்பாத்துடன் போய்ப் பெருவிரல் நகம் ஒன்றை இழந்தவன்.

உச்சியில் வெயில் ஏறும் வரை குளிர் உறைக்கும். வியர்வையில் நனைந்த சட்டையை மாற்ற ஒரு காய்ந்த சட்டையும் ஸ்வெட்டரும் பையில் இருக்கட்டும். அங்கே ஒரு மணி இருக்கிறது, எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். வலியை மறந்து மறுபடியும் போனால், நீங்கள் இரண்டு தடவை அடிக்கலாம்.