ஒரே எரு, இரண்டு நியாயமா?

கேள்வி: ஐயா, நான் மின்னசோட்டாவில் வில்மர் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்கே வான்கோழிப் பண்ணை எருவை மக்காச்சோளம் போடுகிறவர்கள் காசு கொடுத்து, முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குகிறார்கள். வர்ஜீனியாவில் ராக்கிங்ஹாம் கவுண்டியில் இருக்கும் என் மச்சானோ, அங்கே பண்ணைக்காரர் சொந்த வயலில்கூட நினைத்தபடி எருவைக் கொட்ட முடியாது, அதை வெளியூருக்கு ஏற்றி அனுப்ப மாநில அரசே பணம் தருகிறது என்கிறார். ஒரே எருவுக்கு ஏன் இப்படி இரண்டு நியாயம்?

பதில்: உங்கள் மச்சான் சொல்வது உண்மைதான். நான் ராக்கிங்ஹாம் இருக்கும் இதே ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் பண்ணைகளுக்கு எருத் திட்டம், அதாவது எந்த வயலில் எவ்வளவு எரு போடலாம் என்ற திட்டம், எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது.

எருவில் பெரிய வித்தியாசம் கிடையாது. பறவைகளை ஏற்றி அனுப்பிய பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு கைப்பிடி கூளத்தை அள்ளிப் பாருங்கள். மரச்சீவல், எச்சம், சிந்திய தீவனம், இறகுத் தண்டு எல்லாம் கலந்து பழுப்பாக, பொலபொலவென்று இருக்கும். அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். ஒரு டன் கூளத்தில் தோராயமாக 25 கிலோ தழைச்சத்தும் (நைட்ரஜன்), கிட்டத்தட்ட அதே அளவு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உண்டு. சிக்கலே இந்தச் சம அளவில்தான். மக்காச்சோளத்துக்கு இரண்டும் சமமாகத் தேவைப்படுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். நல்ல விளைச்சலுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டும். கூளத்தில் உள்ள தழைச்சத்தில் சுமார் பாதிதான் முதல் வருடம் பயிருக்குக் கிடைக்கும். ஆக 5 டன் கொட்ட வேண்டும். கொட்டினால் கூடவே 125 கிலோ மணிச்சத்தும் மண்ணில் இறங்குகிறது. அறுவடையாகும் தானியம் எடுத்துக்கொண்டு போவதோ 25 கிலோவுக்குள். மிச்சம் முழுக்க மண்ணிலேயே தங்கிவிடும். இதைப் பல தலைமுறையாகச் செய்த பூமி இது. இங்கே 1922-லேயே சார்லஸ் வாம்ப்ளர் என்ற பண்ணைக்காரர் வான்கோழி முட்டைகளைப் பொரிப்பானில் வைத்துப் பொரிக்க ஆரம்பித்துவிட்டார். கவுண்டி எல்லையில் சாலையோரம் வான்கோழிக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

இப்போது தீவனம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால் உங்கள் கேள்விக்கு முழு விடையும் அதில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் வான்கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் அக்கம்பக்கத்து வயலில் விளைந்தவை. எரு திரும்ப அதே மாதிரி வயலுக்குத்தான் போகிறது. எடுத்த சத்து எடுத்த இடத்துக்கே வந்து சேர்கிறது. இங்கே தீவனத்தில் பெரும்பகுதி மத்திய மேற்கு மாநிலங்களிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறது. இறைச்சி நகரங்களுக்குப் போய்விடும், எச்சம் மட்டும் பள்ளத்தாக்கில் நின்றுவிடும். பறவைகளுக்கு ஈடான நிலமும் இங்கே கிடையாது. அடியில் சுண்ணாம்புப் பாறை வேறு. விரிசல் வழியாகத் தண்ணீர் சீக்கிரம் இறங்கி ஓடைக்குப் போகும், அங்கிருந்து பொடோமாக் ஆறு, கடைசியில் செசபீக் விரிகுடா. மணிச்சத்து அங்கே பாசியை வளர்க்கிறது. அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது.

1997-ல் பக்கத்து மேரிலாந்தின் போக்கோமோக் ஆற்றில் மீன்கள் புண்ணோடு மிதந்தபோதுதான் எல்லோருடைய பார்வையும் கோழி எருவின் மேல் விழுந்தது. 1998-ல் மேரிலாந்து சட்டம் போட்டது, 1999-ல் வர்ஜீனியா போட்டது. 11,000 வான்கோழிக்கு மேல் வளர்த்தால் எருத் திட்டம் கட்டாயம். தழைச்சத்தை மட்டும் பார்த்து எரு போட்ட பழக்கம் போய், மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு மணிச்சத்து இருக்கிறது என்று பார்க்கும் முறை வந்தது. இது அதற்கும் முப்பது வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் பக்கமும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வில்மருக்கு அருகே பென்சனில் 2007-ல் வான்கோழிக் கூளத்தை எரித்து 55 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் ஆலை தொடங்கினார்கள். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) சாம்பலில் மிஞ்சின, அதை உரமாக விற்றார்கள். ஆனால் தழைச்சத்தும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்குப் பொருளும் புகையாகப் போயின. அந்தக் கரிசல் பூமிக்குப் போக வேண்டிய நல்ல எருவைக் கொளுத்தியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 2018-ல் ஆலையை மூடினார்கள். எரு மறுபடி வயலுக்குப் போகிறது.

இன்னொன்று, எருவும் காலத்தோடு மாறியிருக்கிறது. தானியத்தில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைப் பறவையால் செரிக்க முடியாது. அதற்காக 1990-களின் கடைசியிலிருந்து பைட்டேஸ் என்ற நொதியைத் தீவனத்தில் கலக்கிறார்கள், எச்சத்தில் மணிச்சத்து குறைந்தது. வான்கோழித் தீவனத்தில் கலந்துவந்த நைட்டார்சோன் என்ற ஆர்சனிக் மருந்துக்கும் 2015 முடிவோடு அனுமதி போய்விட்டது. அதனால் பழைய புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கூளத்தையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: அப்படியானால் எருவை நிறுத்திவிட்டால் வர்ஜீனியா மண் சரியாகிவிடுமா?

பதில்: ஆகும், ஆனால் ரொம்ப மெதுவாக. அறுவடை ஒவ்வொன்றும் ஏக்கருக்கு இருபது சொச்சம் கிலோ மணிச்சத்தைத்தான் எடுத்துப் போகும். அதிகமாகச் சேர்ந்துவிட்ட வயலில் பத்து, பதினைந்து வருடம்கூட ஆகலாம். தானியத்தை மட்டும் அறுக்காமல் செடியோடு வெட்டித் தீவனமாக வெளியே அனுப்பினால் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். எருவோடு வந்த துத்தநாகமும் மண்ணில் சேர்ந்திருக்கும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது மிஞ்சிய மண்ணில் நிலக்கடலை வைத்தால் செடி தாங்காது.