எஞ்சின் மாற்றிய பழைய காருக்கு எந்த ஸ்பிரிங் சரி?

1980களின் பி.எம்.டபிள்யூ இ30 காரில் வி8 எஞ்சின் ஏற்றி, பின் இருக்கையைக் கழற்றிவிட்டேன், எந்த ஸ்பிரிங் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாடலுக்கென்று விற்கும் செட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது பழைய எடைக்குச் செய்தது; உங்களிடம் இருப்பது இப்போது வேறு கார்.

முதலில் நீங்கள் உள்ளே உட்கார்ந்து, பாதி டேங்க் பெட்ரோலோடு நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஒரு முன்சக்கரத்தில் 320 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் தாங்காத சக்கரம், பிரேக் எடை 40 போனால் 280. சாலையில் ஓட்ட 1.4 ஹெர்ட்ஸ் அதிர்வெண், அதாவது கார் ஸ்பிரிங் மேல் வினாடிக்கு 1.4 முறை மேலும் கீழும் ஆடுவது, நன்றாக இருக்கும். (2 × 3.14 × 1.4) என்பதன் வர்க்கத்தை 280ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால், சக்கரத்தில் மில்லிமீட்டருக்குச் சுமார் 21.6 நியூட்டன் விறைப்பு வேண்டும்.

பலர் தவறுவது இதற்கு அப்புறம்தான். சக்கரம் 1 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ, அந்த விகிதத்தின் வர்க்கத்தால் இதை வகுக்க வேண்டும். முன்பக்க ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணில்) 0.95 என்றால் 24 நியூட்டன் போதும். பின்பக்கம் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நடுவே உட்கார்வதால் விகிதம் குறையும், 0.65 வந்தால் அதே விறைப்புக்கு 51 தேவை! ஜாக் வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

விறைப்பு கூடினால் ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றுங்கள், இல்லையென்றால் கார் குதித்துக்கொண்டே போகும். காரைத் தூக்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டுக் கழன்றுவிடாத நீளமும் வேண்டும்.